மண்ணின் பி.எச். எண்ணைக் கொண்டு கால்சியம், மெக்னீசியம் குறைபாட்டைச் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்கினால் அது கால்சியம் குறைவு என்பதும், வாழையின் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து வந்தால் அது மெக்னீசியம் குறைவாக இருக்கலாம் என்பதும் இன்று பெரும்பாலான விவசாயிகளுக்குத் தெரிந்திருக்கிறது. தவறு நேர்வது அதற்கு அடுத்த படியில். கால்சியம் என்றால் சுண்ணாம்பு, மெக்னீசியம் என்றால் டோலமைட் (மெக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக் கல்) என்று முடிவுகட்டி உடனே மூட்டை வாங்கிவிடுகிறார்கள். பி.எச். என்பது மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரே குறைபாடு பி.எச். 5 உள்ள மண்ணில் ஒரு காரணத்தாலும், 8.2 உள்ள மண்ணில் வேறொரு காரணத்தாலும், 9 உள்ள மண்ணில் இவ்விரண்டுக்கும் மாறான காரணத்தாலும் வருகிறது. ஆகவே முதல் மண்ணைத் திருத்தும் பொருள் இரண்டாவது மண்ணைக் கெடுக்கக்கூடும்.

பல்லடம் பக்கத்தில் ஒரு தக்காளித் தோட்டத்தில் இதை நேரில் பார்த்தேன். காய்களின் அடி கறுத்ததைக் கண்ட தோட்டக்காரர் ஏக்கருக்கு ஐந்து மூட்டை நீற்றுச் சுண்ணாம்பைத் தூவி நீர் பாய்ச்சியிருந்தார். நான் போனபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. கறுத்த காய்கள் குறையவில்லை. அதோடு கொழுந்து இலைகளும் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, வெளுத்துப் போயிருந்தன. சுண்ணாம்பு படாத வரப்போரத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு சொட்டு விட்டேன். உள்ளங்கையளவு மண் முழுவதும் நுரைத்துப் பொங்கியது. அந்த நிலத்தில் இயற்கையாகவே ஏக்கருக்குப் பல டன் சுண்ணாம்பு இருந்தது. குறையாக இருந்தது ஒழுங்கான பாசனம்.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்ய வேண்டும். முதல் ஐந்து படிகள் முடியும் வரை எந்த இடுபொருளையும் வாங்க வேண்டாம்.

1. தொடங்குமுன் திரட்ட வேண்டியவை

மண்வெட்டி, பிளாஸ்டிக் வாளி, சுத்தமான துணிப்பை, வாலை வடிநீர் இரண்டு லிட்டர், சிறிய தராசு, கண்ணாடி டம்ளர்கள், பேனா வடிவ பி.எச். மீட்டர், அதைச் சரிபார்க்கும் 4.0, 7.0, 9.2 அளவுக் கரைசல்கள், ஒரு சிறு குப்பியில் பத்து மடங்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகியவை போதும். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். கையுறை அவசியம்.

மண்ணில் நேராகக் குத்தி ஈரம், வெளிச்சம், பி.எச். மூன்றையும் காட்டும் மலிவான கருவிகளை நம்ப வேண்டாம். அவை மண்ணின் ஈரத்துக்கும் உப்புக்கும் ஏற்ப எண்ணை மாற்றிக் காட்டுகின்றன.

மண்வள அட்டை இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். ஆனால் 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் அளக்கப்படும் 12 கூறுகளான தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின் கடத்தும் திறன், அங்கக கரிமம் ஆகியவற்றில் கால்சியமும் மெக்னீசியமும் இல்லை. அட்டையில் எல்லாம் பச்சையாக இருப்பதால் இந்த இரண்டும் போதுமானது என்று எண்ணிவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை. அட்டையிலுள்ள பி.எச். எண்தான் இவ்விரண்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் தடயம்.

2. மண் மாதிரி எடுத்தல்

அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு அடியுரம் போடுவதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும். உரம் போட்ட சில வாரங்களில் எடுத்தால், கரைந்திருக்கும் உப்புகள் பி.எச். எண்ணை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

ஏக்கருக்கு 10 முதல் 15 இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக நடந்து, மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் ஒரு பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், குப்பை கொட்டிய இடம், வாய்க்காலை ஒட்டிய ஈரப் பகுதி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரு பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ மிஞ்சும் வரை இதையே திரும்பச் செய்து, நிழலில் உலர்த்த வேண்டும்.

நிறமோ சரிவோ மாறும் இடத்தில் மாதிரியும் தனியாக வேண்டும். மேட்டுச் செம்மண்ணையும் பள்ளத்துக் கரிசலையும் ஒரே பையில் போட்டால், 6-க்கும் 8.5-க்கும் நடுவே எந்த நிலத்துக்கும் பொருந்தாத ஓர் எண் வரும். தென்னை, வாழை, எலுமிச்சை போன்றவற்றுக்கு 15 முதல் 30 செ.மீ. ஆழத்திலிருந்து இரண்டாவது மாதிரியும் எடுப்பது நல்லது.

3. பி.எச். அளத்தல்

உலர்ந்த மண்ணைத் தட்டிச் சலித்து, 20 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. வாலை வடிநீர் என்ற விகிதத்தில் டம்ளரில் கலந்து, அரை மணி நேரம் அவ்வப்போது கிளறிவிட்டு அளக்க வேண்டும். ஆய்வுக்கூடங்களும் பொதுவாக இதே 1:2.5 விகிதத்தைத்தான் பின்பற்றுகின்றன. விகிதம் மாறினால் எண்ணும் மாறும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைத்து அளப்பது பெரும் பிழை. அந்த நீரிலுள்ள பைகார்பனேட் மண்ணின் எண்ணைத் தன் பக்கம் இழுத்துவிடும். அளக்கும் ஒவ்வொரு நாளும் மீட்டரை அளவுக் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும்.

பி.எச். மடக்கை அளவில் செல்வது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். 6-இலிருந்து 5-க்கு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. 4-க்கு இறங்கினால் நூறு மடங்கு. எனவே 5.0-க்கும் 5.5-க்கும் உள்ள வேறுபாடு அற்பமானதன்று.

4. எண்ணைப் படித்தல்: மண்ணுக்குள் நடப்பது என்ன

களிமண் துகள்களும் மட்கும் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம், ஹைட்ரஜன், அலுமினியம் ஆகிய நேர்மின் அயனிகள் அவற்றின் மேல் ஒட்டியிருக்கின்றன. இவற்றைப் பேருந்து இருக்கைகளாக நினைத்துக்கொள்ளலாம். வேர், மண் நீரில் கரைந்திருப்பதை உறிஞ்ச உறிஞ்ச, இருக்கையில் உள்ளவை நீருக்கு இறங்கி வருகின்றன. பி.எச். எண் நமக்குச் சொல்வது, அந்த இருக்கைகளில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

பி.எச். 5.5-க்குக் கீழே போகும்போது களிமண்ணின் உடலிலிருந்தே அலுமினியம் கரைந்து வெளிவந்து இருக்கைகளைப் பிடித்துக்கொள்கிறது. செம்மண்ணிலும் மட்கு மிகுந்த மலை மண்ணிலும் மற்றொன்றும் சேர்ந்து நடக்கிறது: அமிலம் கூடக்கூட இருக்கைகளின் எண்ணிக்கையே குறைகிறது. இடமிழந்த கால்சியமும் மெக்னீசியமும் மழைநீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடுகின்றன. மெக்னீசியம் தன்னைச் சுற்றித் தடித்த நீர்ப் போர்வையோடு இருப்பதால் கால்சியத்தைவிடப் பிடிமானம் குறைந்தது. ஆகவே மணற்பாங்கான அமில மண்ணில் முதலில் தொலைவது மெக்னீசியம்தான். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் காய்கறிப் பயிர்களில் இவ்விரு குறைகளும் ஒன்றாக வருவது இதனால்தான். அலுமினியம் வேர் நுனியையும் மழுங்கடிப்பதால், இருக்கும் கொஞ்சச் சத்தையும் தேடிப் போக வேர் வளர்வதில்லை.

6.0 முதல் 7.5 வரை பெரும்பாலான இருக்கைகளில் கால்சியமும் மெக்னீசியமும் உட்கார்ந்திருக்கும். இங்கே பி.எச். காரணமாகக் குறைபாடு வருவது அரிது.

7.5 முதல் 8.4 வரை உள்ள மண் பெரும்பாலும் சுண்ணாம்பு மண். பல்லடம், உடுமலை வட்டாரங்களில் உழும்போது மேலே வரும் வெண்மையான சுக்கான் கல் இதன் அடையாளம். இங்கே கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. மெக்னீசியமும் பி.எச். காரணமாகப் பூட்டப்படுவதில்லை, ஆனால் கால்சியத்தின் நெரிசலில் வேரின் வாயிலில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. இந்தப் பி.எச். நேரடியாகப் பூட்டுவது இரும்பு, துத்தநாகம், மணிச்சத்து ஆகியவற்றை.

எண் 8.5-ஐத் தாண்டினால் கதை வேறு. கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்பு) எவ்வளவு இருந்தாலும், திறந்த காற்றில் அது மட்டுமே மண்ணின் பி.எச். எண்ணை ஏறக்குறைய 8.3-க்கு மேல் ஏற்றாது. அதற்கு மேலே தூக்குவது சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும். அதாவது இது களர் நிலம். இங்கே சோடியம் இருக்கைகளைப் பிடித்திருக்கிறது. கரைந்து வரும் கால்சியத்தைக் கார்பனேட் உடனே சுண்ணாம்பாகப் படியவைத்துவிடுகிறது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் பயிருக்குக் கால்சியம் இல்லாத நிலை இதுதான். திருச்சி மாவட்டத்தின் மணிகண்டம் பகுதியில் இத்தகைய நிலங்கள் உள்ளன.

பி.எச். ஏற ஏற ஒவ்வொரு சத்தும் எவ்வளவு கிடைக்கும் என்று பட்டைகளாக வரைந்து காட்டும் படத்தைப் பலர் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அது பொதுப் போக்கை மட்டுமே காட்டும். கால்சியப் பட்டை 8-க்கு மேலும் அகலமாக இருப்பதைப் பார்த்து, களர் நிலத்திலும் கால்சியம் கிடைக்கும் என்று முடிவு செய்யக் கூடாது.

5. நுரைச் சோதனையும் ஆய்வுக்கூட எண்களும்

பி.எச். 7.3-க்கு மேல் வந்தால், ஒரு கரண்டி உலர் மண்ணில் நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டுப் பாருங்கள். காதருகே வைத்தால் மட்டும் கேட்கும் சலசலப்பு சிறிதளவு சுண்ணாம்பையும், பொங்கி எழும் நுரை மிகுந்த சுண்ணாம்பையும் காட்டும். நுரைக்கும் மண்ணுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ எந்தக் காரணத்துக்காகவும் இடக் கூடாது.

அடுத்து, ஆய்வுக்கூடத்தில் கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் தனியாகக் கேட்டு அளக்கச் சொல்ல வேண்டும். பொதுவான வரம்பாக, மாற்றீட்டுக் கால்சியம் (இருக்கைகளில் ஒட்டியிருந்து மண் நீருக்கு இறங்கி வரக்கூடியது) கிலோ மண்ணுக்கு 300 மி.கி. அளவுக்கும், மெக்னீசியம் 120 மி.கி. அளவுக்கும் கீழே இருந்தால் குறை எனக் கொள்ளலாம். சுண்ணாம்பு மண்ணில் கால்சியம் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சோதனையில் பயன்படும் அம்மோனியம் அசிடேட் கரைசல் சுண்ணாம்புத் துகளையும் சிறிது கரைத்துவிடுவதால், எண் உண்மையைவிட ஏறி வரும்.

கால்சியமும் மெக்னீசியமும் இன்ன விகிதத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று சிலர் வற்புறுத்துவார்கள். இரண்டும் வரம்புக்கு மேல் இருக்கும் வரை, விகிதம் பரந்த எல்லைக்குள் மாறினாலும் விளைச்சல் பெரிதாக மாறுவதில்லை. விகிதத்தைத் துரத்திச் செலவு செய்வதைவிட, வரம்பைப் பார்ப்பதே சரி.

அமில மண்ணாக இருந்தால் சுண்ணாம்புத் தேவை அல்லது மாற்றீட்டு அலுமினியம், களர் மண்ணாக இருந்தால் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) தேவை ஆகிய எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இந்த எண் இல்லாமல் 8-ஆம், 10-ஆம் படிகளில் கணக்குப் போட முடியாது.

6. பயிரைப் பார்த்து உறுதி செய்தல்

மெக்னீசியம் இலைப் பச்சையத்தின் நடுவில் உள்ள உலோகம். குறை வந்தால் செடி அதை முதிர்ந்த இலையிலிருந்து உருவி இளம் இலைக்கு அனுப்பும். எனவே அடியிலைகள் நரம்பிடையே மஞ்சளிக்கும், பருத்தியில் சிவக்கும். கால்சியம் அப்படி நகராது. வேரிலிருந்து நீரோட்டத்தோடு மேலே போகும். ஒருமுறை இலையில் தங்கினால் திரும்பாது. எனவே குறை கொழுந்திலும் காயிலும் தெரியும்: தக்காளி, மிளகாய்க் காயின் நுனி கருகல், முட்டைகோஸின் உள்ளிலை ஓரக் கருகல், நிலக்கடலையில் பொக்குக் காய்.

கொழுந்து வெளுத்தால் அது பெரும்பாலும் இரும்புக் குறை. அதை மெக்னீசியக் குறை என்று நினைத்து எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) தெளிப்பது, சுண்ணாம்பு மண்ணில் நான் மிகுதியாகக் கண்ட பிழை. மஞ்சள் எந்த வயது இலையில் தொடங்கியது என்று பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

7. சத்து இடுமுன் நீரையும் சாம்பல் சத்தையும் சரிபார்த்தல்

கால்சியம் நீரோட்டத்தில் மட்டுமே பயணிப்பதால், மூன்று நாள் காய்ந்து பிறகு ஒரேயடியாக நனைக்கும் பாசனத்தில், மண் நிறையக் கால்சியம் இருந்தாலும் காயின் நுனிக்குப் போய்ச் சேராது. பல்லடத்துத் தோட்டத்தில் சொட்டுநீரைத் தினமும் குறைந்த நேரம் திறக்கச் சொன்னதும், தழைச்சத்தைக் குறைக்கச் சொன்னதும் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அடுத்தடுத்த கொத்துகளில் காய்கள் தெளிந்தன.

மெக்னீசியத்துக்கு எதிரி பொட்டாஷ், அதாவது சாம்பல் சத்து. வாழைக்கும் மரவள்ளிக்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷை அளவுக்கு மேல் இட்டால், மண்ணில் மெக்னீசியம் இருந்தும் வேர் அதை ஏற்காது. இந்த நிலையில் முதல் மருந்து பொட்டாஷை அளவாக்குவது.

8. அமில மண்: சுண்ணாம்பும் டோலமைட்டும்

முதலில் எந்தப் பயிருக்கு எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். தேயிலை 4.5 முதல் 5.5 வரையே விரும்பும். உருளைக்கிழங்குக்கு 5.5-ஐ ஒட்டிப் போதும். அதிகம் ஏற்றினால் கிழங்கில் சொறி நோய் கூடும். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் போன்றவற்றுக்கு 6.0 முதல் 6.5. செம்மண்ணில் 6.5-ஐத் தாண்டி ஏற்றினால் துத்தநாகம், போரான், மாங்கனீசு குறைந்துவிடும்.

அடுத்து அளவு. பி.எச். எண்ணைக் கொண்டு மட்டும் மூட்டைக் கணக்குப் போட முடியாது என்பதைப் புதியவர்கள் ஏற்கத் தயங்குகிறார்கள். நீலகிரியில் ஒரே குடும்பத்தின் இரண்டு கேரட் நிலங்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டிலும் 5.1. ஒன்று சரிவில் உள்ள மணற்பாங்கான மண். மற்றொன்று கைப்பிடியில் எடுத்தால் விரலில் கருமை ஒட்டும் மட்கு மண். இரண்டுக்கும் ஒரே அளவு சுண்ணாம்பு இட்டார்கள். சரிவு நிலம் 6-ஐத் தாண்டியது. மட்கு மண் 5.3-இல் நின்றது. மட்கும் களிமண்ணும் தம் இருக்கைகளில் பெரிய அமிலக் கையிருப்பை வைத்திருக்கின்றன. மீட்டர் காட்டுவது நீரில் மிதக்கும் சிறு பகுதியை மட்டும்.

கணக்கு இப்படி. ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழ மண்ணின் எடை ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. 100 கிராம் மண்ணில் 1 மில்லி ஈக்விவலண்ட் (அயனிகளை அவற்றின் மின் ஏற்றத்தைக் கொண்டு அளக்கும் அலகு) அமிலத்தை நீக்கத் தூய கால்சியம் கார்பனேட் ஏக்கருக்கு 450 கிலோ வேண்டும். மாற்றீட்டு அலுமினியம் அதே அலகில் 1.5 என்று ஆய்வறிக்கை சொன்னால், மட்கின் அமிலத்துக்கும் சேர்த்து ஒன்றரை மடங்காகக் கொண்டு 1.5 × 1.5 × 450, அதாவது சுமார் 1,000 கிலோ. வாங்கும் சுண்ணாம்புக் கல் தூளின் தூய்மை 80 சதவீதம் என்றால் 1,250 கிலோ.

எந்தப் பொருள் என்பதை மெக்னீசியம் எண் தீர்மானிக்கும். 120-க்குக் கீழே இருந்தால் டோலமைட்; தூய டோலமைட்டில் கால்சியம் சுமார் 22 சதவீதமும் மெக்னீசியம் 13 சதவீதமும் உண்டு. மெக்னீசியம் போதுமானதாக இருந்தால் சாதாரணச் சுண்ணாம்புக் கல் தூள். சுட்ட சுண்ணாம்பு வேகமாக வேலை செய்யும். 100 கிலோ கார்பனேட்டுக்கு 56 கிலோ போதும். ஆனால் கையையும் நாற்றையும் சுடும்.

ஜிப்சத்தில் கால்சியம் இருக்கிறது. ஆனால் அது பி.எச். எண்ணை உயர்த்தாது. அமில மண்ணுக்குச் சுண்ணாம்புக்குப் பதிலாக ஜிப்சம் இடுவது வீண் செலவு. நிலக்கடலை மட்டும் இதற்கு விலக்கு: விழுது மண்ணுக்குள் இறங்கிய பின் காய் தனக்கான கால்சியத்தை வேரை எதிர்பாராமல் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே உறிஞ்சுவதால், இறவையில் விதைத்த 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

தூள் முகப்பவுடர் போல நைசாக இருக்க வேண்டும். கார்பனேட் நீரில் மிகச் சிறிதே கரையும். துகள் பருமனாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் கல்லாகவே கிடக்கும். நடவுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாரம் முன்பு, மண்ணில் ஈரம் இருக்கும்போது தூவி, 15 செ.மீ. வரை கலந்து உழ வேண்டும். சுண்ணாம்பு கீழே தானாக இறங்காது. மேலே தூவிவிட்டு மழைக்கு விட்டால் மேல் இரண்டு அங்குலம் மட்டும் மாறும். ஏக்கருக்கு ஒரு டன்னைத் தாண்டினால், பாதியை உழவுக்கு முன்னும் மீதியை உழவுக்குப் பின்னும் இடலாம்.

யூரியா, அம்மோனியம் சல்பேட், பச்சைச் சாணம் ஆகியவற்றை அதே நாளில் சேர்த்து இடக் கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். சூப்பர் பாஸ்பேட்டையும் சில வாரம் தள்ளி இட வேண்டும். இல்லையெனில் மணிச்சத்து கரையாத வடிவுக்குத் திரும்பும்.

9. சுண்ணாம்பு மண்: எண்ணோடு போராடாமல் பயிருக்குக் கொடுத்தல்

பி.எச். 8.2 என்றதும் கந்தகம் இட்டு 6.5-க்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்பவர்கள் பலர். மண்ணில் சுண்ணாம்பு 5 சதவீதம் என்றால், ஓர் ஏக்கரின் மேல் 15 செ.மீ. மண்ணில் மட்டும் 45 டன் கார்பனேட் இருக்கிறது. அதைக் கரைக்க 14 டன்னுக்கு மேல் கந்தகம் வேண்டும். அதுவரை பி.எச். பெரிதாக அசையாது.

ஆகவே மண்ணை மாற்றாமல் சத்தை நேராகக் கொடுக்க வேண்டும். மெக்னீசியம் குறைந்தால் எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ மண்ணில் இடலாம். இதில் மெக்னீசியம் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அறிகுறி தெரிந்துவிட்டால், லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் கரைத்து மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். பருத்தி இலை சிவத்தலுக்கு 5 சதவீத மெக்னீசியம் சல்பேட்டோடு 1 சதவீத யூரியாவும் சேர்த்துத் தெளிப்பது வழக்கத்தில் உள்ளது.

காய்க்குக் கால்சியம் தர வேண்டுமானால் கால்சியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 5 கிராம் அளவில், இளங்காய்களின் மேலேயே படும்படி தெளிக்க வேண்டும். இலையில் பட்டது காய்க்குப் போகாது. கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் ஒரே தொட்டியில் கலக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஜிப்சமாகப் படிந்து சொட்டுவானை அடைத்துவிடும்.

10. களர் நிலம்: முதலில் வடிகால், பிறகு ஜிப்சம்

ஜிப்சம் செய்யும் வேலை இரண்டு: தன் கால்சியத்தால் சோடியத்தை இருக்கையிலிருந்து எழுப்புவது, அதைச் சோடியம் சல்பேட்டாக நீரில் கரையவைப்பது. எழுப்பிய சோடியத்தை நிலத்தைவிட்டு வெளியேற்றுவது நீரும் வடிகாலும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் இட்டால், எழுந்த சோடியம் அங்கேயே தங்கி, காய்ந்ததும் மேலே வந்து பூக்கும். வண்டி வண்டியாக ஜிப்சம் இட்டும் பயனில்லை என்று சொல்பவர்களின் வயலில் நான் முதலில் தேடுவது வடிகால் வாய்க்காலைத்தான்.

எனவே நிலத்தைச் சமன்படுத்தி வரப்பு உயர்த்தி, வடிவாய்க்கால் வெட்டிய பிறகே ஜிப்சம் வர வேண்டும். 100 கிராம் மண்ணில் 1 மில்லி ஈக்விவலண்ட் சோடியத்தை நீக்க ஏக்கருக்குத் தூய ஜிப்சம் சுமார் 770 கிலோ வேண்டும். இருக்கைகளின் மொத்த அளவு அதே அலகில் 20, அதில் சோடியம் 30 சதவீதம் என்றால், 15 சதவீதமாகக் குறைக்க நீக்க வேண்டியது 3. ஆக 2,310 கிலோ. தூய்மை 80 சதவீதமானால் ஏறக்குறைய 2,900 கிலோ. வேர் ஆழம் போகாத நெல்லுக்கு, கணக்கிட்ட தேவையில் பாதியே போதும் என்பது நடைமுறை.

ஜிப்சத்தைப் பரப்பி, மேல் 10 செ.மீ. மண்ணில் மட்டும் கலந்து, நல்ல நீரைத் தேக்கி நான்கைந்து நாள் நிறுத்தி, பிறகு வடித்துவிட வேண்டும். லிட்டருக்கு இரண்டரை கிராம் வரை மட்டுமே ஜிப்சம் கரையும் என்பதால், ஒருமுறை நீர் கட்டுவது போதாது. மூன்று நான்கு முறை தேக்கி வடிக்க வேண்டியிருக்கும். அடுத்துத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்குமுன் மடக்கி உழுதால், மட்கும்போது வரும் கரியமில வாயு மண்ணில் உறங்கும் சுண்ணாம்பையும் சிறிது கரைத்துத் தரும். முதல் பயிராகக் களரைத் தாங்கும் திருச்சி 3 போன்ற நெல் ரகமே ஏற்றது.

11. பாசன நீரைச் சோதித்தல்

மண்ணைத் திருத்திய பிறகும் எண் மீண்டும் ஏறினால் காரணம் பெரும்பாலும் கிணற்றில் இருக்கும். நீர் அறிக்கையில் கார்பனேட், பைகார்பனேட் இரண்டையும் கூட்டி, அதிலிருந்து கால்சியம், மெக்னீசியம் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். நான்கும் லிட்டருக்கு மில்லி ஈக்விவலண்ட் அளவில் இருக்க வேண்டும். மீதி 1.25-க்குக் கீழே என்றால் அச்சமில்லை, 2.5-க்கு மேல் என்றால் அந்த நீர் ஒவ்வொரு பாசனத்திலும் மண்ணின் கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைத்துச் சோடியத்துக்கு இடம் கொடுக்கிறது.

மீதி 3 என்று வைத்துக்கொள்வோம். அதை 1.25-க்குக் குறைக்க 1,000 லிட்டருக்கு 150 கிராம் ஜிப்சம் வேண்டும். ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால் இரண்டு லட்சம் லிட்டர். ஆக ஒரு பாசனத்துக்கு 30 கிலோ. வாய்க்கால் தலைப்பில் தொட்டி கட்டி, அதில் ஜிப்சக் கட்டிகளைப் போட்டு நீரை அதன் வழியே விடுவது எளிய முறை.

12. மறுபரிசோதனை

சுண்ணாம்பு இட்ட நிலத்தை ஆறு மாதம் கழித்தும், பிறகு ஆண்டுக்கொரு முறை அதே மாதத்திலும் அதே ஆழத்திலும் அளக்க வேண்டும். அமில மண் மீண்டும் அமிலத்துக்குத் திரும்பும். 100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தை ஈடுசெய்ய 110 கிலோ சுண்ணாம்பும், 100 கிலோ யூரியாவுக்குச் சுமார் 80 கிலோவும் தேவைப்படும். ஆண்டில் எவ்வளவு உரம் இட்டோம் என்ற குறிப்பு இருந்தால், அடுத்த சுண்ணாம்பு எப்போது தேவைப்படும் என்பதை முன்பே கணிக்கலாம்.

ஆறு மாதத்தில் எண் அசையவில்லை என்றால், மேலும் சுண்ணாம்பு இடுவதற்கு முன் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளைத் துகள்கள் கண்ணுக்குத் தெரிந்தால் தூள் பருமன். மேல் இரண்டு அங்குலத்துக்கும் அதற்குக் கீழுள்ள மண்ணுக்கும் தனித்தனியாக அளந்து இரண்டும் வெகுவாக வேறுபட்டால் உழவு ஆழம் போதவில்லை. இரண்டும் ஒன்றாகவே தாழ்ந்திருந்தால்தான் இட்ட அளவு குறைவு. அப்போது மட்டும் ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்புத் தேவையை மறுபடி அளந்து, மீதியை இட வேண்டும்.